யார் கையில் விழும்? பிரித்தானிய ஆபாசச் சட்டமும் இணைய வெளியீடும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

'ஆபாசம்' என்னும் சொல் வடமொழியில் போலித்தோற்றம் என்னும் பொருளுடையது. தருக்க நூலார் போலி ஏதுவை 'ஹேத்வாபாசம்' என்று குறிப்பிடுவதை நாம் அறிவோம். அச்சொல் தமிழில் பொருள் திரிந்து, இன்று இழிந்த பாலியல் வெளிப்பாட்டைச் சுட்டுவதாக நிலைபெற்றுவிட்டது. பிரித்தானியச் சட்டத்திலும் இதனையொத்த பொருள்விலகல் ஒன்று உண்டு. அகராதியின்படி ஆபாசமானது என்பது அருவருப்பூட்டுவது. சட்டத்தின்படியோ அது படிப்பவரையும் பார்ப்பவரையும் கெடுத்துச் சீரழிக்கும் இயல்புடையது. அருவருப்பு நூலைச் சார்ந்த பண்பு. சீரழிவோ வாசகரிடத்தே நிகழ்வது. ஆகவே, ஒரு படைப்பு ஆபாசமானதா என்னும் வினா, அதனை யார் படிப்பர் என்னும் வினாவாக மாறிவிடுகிறது.

அச்சு நூல்களின் காலத்தில் உருவான இவ்வினாவைப் பிரித்தானிய நீதிமன்றங்கள் இணைய வெளியீட்டின்மீது எவ்வாறு பொருத்தின என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மலேசியா, சிங்கப்பூர், இந்தியா ஆகிய நாடுகளின் தண்டனைச் சட்டங்களில் இடம்பெற்ற 292ஆம் பிரிவு அதே சட்ட மரபில் வந்தது. எனவே, இது பிறர் வரலாறு மட்டுமன்று.

பொதுச் சட்டக் குற்றமாக உருவான வரலாறு

இங்கிலாந்தில் பாலியல் எழுத்தைத் தண்டிக்கும் அதிகாரம் தொடக்கத்தில் சமய நீதிமன்றங்களிடமே இருந்தது. 1663இல் சர் சார்லசு செட்லி என்பார் கோவண்ட் கார்டன் பகுதியிலிருந்த மதுக்கடையொன்றின் மாடத்தில் ஆடையின்றி நின்று கூட்டத்தாரை நோக்கிப் பேசியமைக்காக அரச நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. பொது ஒழுக்கத்தின் காவலர் தாமே என்று அந்நீதிமன்றம் உரிமை கொண்டாடியமைக்கு இவ்வழக்கு முன்னோடியாகும். ஆயினும், 1708இல் நூல் ஒன்றின்மீது வழக்கு வந்தபோது, அது சமய நீதிமன்றத்திற்குரியது என்று கூறி நீதிபதிகள் ஒதுங்கிக்கொண்டனர்.

இந்நிலை 1727இல் மாறியது. எட்மண்ட் கர்ல் என்னும் இலண்டன் பதிப்பாளர், கன்னிமாடத்துத் துறவியரைப் பற்றிய பிரெஞ்சு நூலொன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டிருந்தார். அவருக்கு எதிரான தீர்ப்பின்வழி, ஆபாச நூலை வெளியிடுதல் பொதுச் சட்டத்தின்படி தண்டிக்கத்தக்க குற்றம் என்பது முதன்முதலாக நிலைநாட்டப்பட்டது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஏதுமின்றி நீதிபதிகளே ஒரு குற்றத்தை உருவாக்கினர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

1802இல் தோன்றிய தீயொழுக்க ஒழிப்புச் சங்கம் பல வழக்குகளைத் தொடுத்தது. ஆனால், பதிப்பாளர் ஒருவரைச் சிறையில் அடைத்தாலும் அவருடைய இருப்பு கடையிலேயே கிடந்தது. இலண்டனின் ஹோலிவெல் தெரு இவ்வணிகத்திற்குப் பேர்போனதாக விளங்கியது. 1857இல் தலைமை நீதிபதி கேம்பல் பிரபு, அத்தெரு வணிகர் வில்லியம் டக்டேல் என்பாரின் வழக்கை விசாரித்தார். அவ்வேளையில் நச்சுப்பொருள் விற்பனையைக் கட்டுப்படுத்தும் மசோதா ஒன்று பிரபுக்கள் அவையின் விவாதத்தில் இருந்தது. அந்நஞ்சுகளைவிடக் கொடிய நஞ்சு நூல் வடிவில் விற்கப்படுகிறது என்று அவர் அவையில் முறையிட்டார். அவ்வாண்டே நிறைவேறிய ஆபாச வெளியீடுகள் சட்டம், கடைகளைச் சோதனையிடவும் நூல்களைப் பறிமுதல் செய்து அழிக்கவும் அதிகாரம் வழங்கியது. இளையோரைக் கெடுக்கும் ஒரே நோக்கத்தோடு எழுதப்பட்டவற்றுக்கே இது பொருந்தும் என்று கேம்பல் அவைக்கு உறுதி கூறினார். ஆனால், ஆபாசம் என்பதற்கான வரையறை எதனையும் அச்சட்டம் தரவில்லை.

ஹிக்ளின் அளவுகோல்

அவ்வெற்றிடத்தை 1868ஆம் ஆண்டின் ஹிக்ளின் வழக்கு நிரப்பியது. உல்வர்ஹாம்ப்டன் நகரைச் சேர்ந்த என்றி இசுகாட் என்னும் உலோக வணிகர், கத்தோலிக்கப் பாவமன்னிப்பு முறையைத் தாக்கும் சிற்றேடு ஒன்றை விற்று வந்தார். அவரிடமிருந்து 252 படிகள் கைப்பற்றப்பட்டன. அவருடைய நோக்கம் சமயப் பரப்புரையே அன்றிக் காமக் கிளர்ச்சியன்று என்று கருதிய பெஞ்சமின் ஹிக்ளின், படிகளை அழிக்கும் ஆணையை நீக்கினார். மேல்விசாரணையில் தலைமை நீதிபதி காக்பர்ன் அதனை ஏற்கவில்லை. நூலாசிரியர் அல்லது விற்பவரின் நோக்கம் முக்கியமன்று. இத்தகைய தாக்கங்களுக்கு மனம் இடங்கொடுக்கக்கூடியவர்கள் யார் கையில் இந்நூல் விழக்கூடுமோ, அவர்களைக் கெடுத்துச் சீரழிக்கும் போக்கு அதற்கு உண்டா என்பதே வினா என்றார்.

இவ்வளவுகோலின் விளைவுகள் மூன்று. முதலாவதாக, சமுதாயத்தில் எளிதில் மயங்கக்கூடிய வாசகரே எல்லா வாசகருக்கும் அளவாக்கப்பட்டார். இரண்டாவதாக, நூலின் ஒரு பகுதியைக் கொண்டே முழு நூலையும் தண்டிக்க வழியேற்பட்டது. மூன்றாவதாக, ஆசிரியரின் நோக்கமும் நூலின் பயனும் கணக்கில் கொள்ளப்படவில்லை.

இதன் கடுமையை 1877ஆம் ஆண்டின் வழக்கு காட்டுகிறது. குடும்பக் கட்டுப்பாடு குறித்து அமெரிக்க மருத்துவர் சார்லசு நோல்டன் எழுதிய சிற்றேட்டை மறுபதிப்புச் செய்தமைக்காகச் சார்லசு பிராட்லாவும் அன்னி பெசண்டும் குற்றவாளிகளாக அறிவிக்கப்பட்டனர். 1878இல் குற்றப்பத்திரிகையின் நடைமுறைப் பிழை காரணமாகவே அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. ஆயினும், அன்னி பெசண்ட் தம் மகளைத் தம்மிடத்தே வைத்துக்கொள்ளும் உரிமையை அதே ஆண்டில் இழந்தார். அச்சிற்றேடும் அவருடைய நாத்திகமும் அதற்குக் காரணங்களாகக் காட்டப்பட்டன. பிற்காலத்தில் சென்னை அடையாற்றிலிருந்து பிரம்மஞான சபையை நடத்திய அதே அன்னி பெசண்ட் இவர் என்பது நம் ஆசிரியர்கள் நினைவுகூரத்தக்கது. சோலாவின் நாவல்களின் மொழிபெயர்ப்புகளை வெளியிட்ட என்றி விசெட்டெல்லி 1889இல் சிறை சென்றார். டி.எச். லாரன்சின் 'தி ரெயின்போ' 1915இலும், ராட்கிளிப் ஹாலின் 'தி வெல் ஆஃப் லோன்லினெஸ்' 1928இலும் இச்சட்டத்தின்கீழ் அழிக்க ஆணையிடப்பட்டன.

1959ஆம் ஆண்டுச் சட்டம்

1954இல் பெயர்பெற்ற பல பதிப்பகங்கள் நீதிமன்றத்திற்கு இழுக்கப்பட்டன. அதனால் எழுந்த எழுத்தாளர் இயக்கமும், நாடாளுமன்ற உறுப்பினர் ராய் ஜென்கின்சின் முயற்சியும் 1959ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் சட்டத்திற்கு வழிகோலின. இச்சட்டம் இலக்கியத்தைக் காப்பது, ஆபாச வணிகத்தை ஒடுக்குவது என்னும் இரு நோக்கங்களைத் தன் முகப்பிலேயே அறிவித்தது. கெடுத்துச் சீரழித்தல் என்னும் தொடர் நீடித்தது. ஆனால், படைப்பை முழுமையாகக் கொள்ளவேண்டும் என்றும், எல்லாச் சூழ்நிலைகளையும் கருதி அதனைப் படிக்கவோ பார்க்கவோ கேட்கவோ கூடிய வாசகரையே எண்ணவேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. இலக்கியம், கலை, அறிவியல், கல்வி ஆகியவற்றின் நலனுக்காக வெளியிடப்பட்டது என்னும் எதிர்வாதத்திற்கும் 4ஆம் பிரிவு இடந்தந்தது.

1960இல் பெங்குவின் நிறுவனம் 'லேடி சாட்டர்லியின் காதலன்' நாவலுக்காக விசாரிக்கப்பட்டது. தம் மனைவியோ பணியாளரோ இதனைப் படிப்பதை விரும்புவார்களா என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் மெர்வின் கிரிபித் ஜோன்சு ஜூரிகளைக் கேட்டார். இக்கேள்வி ஏளனத்திற்குள்ளானது யாவரும் அறிந்ததே. ஆனால், சட்டத்தின் நோக்கில் அது பொருத்தமற்ற கேள்வியன்று. நூலின் விலை மூன்றரை சில்லிங்கு மட்டுமே. விலையுயர்ந்த பதிப்பு ஒருசாரார் கையில் மட்டும் விழும். மலிவுப் பதிப்போ எவர் கையிலும் விழும். வாசகர் யார் என்பதே சட்டத்தின் வினாவாக இருக்கையில், விலையும் சான்றாகிவிடுகிறது. ஜூரிகள் பெங்குவின் நிறுவனத்தை விடுவித்தனர்.

அடுத்துவந்த வழக்குகள் அவ்வினாவின் உள்முரண்களை வெளிக்கொணர்ந்தன. 'ஓசு' இதழ் வழக்கின் தீர்ப்பு 1971இல் மேல்முறையீட்டில் பெரும்பகுதி நீக்கப்பட்டது. ஆபாசம் என்பதற்கு அருவருப்பு என்னும் அகராதிப் பொருளையும் விசாரணை நீதிபதி ஜூரிகளிடம் கூறியது அதற்குக் காரணங்களுள் ஒன்று. 1972இல், ஏற்கெனவே இத்தகைய நூல்களில் தோய்ந்துபோன நடுத்தர வயது ஆடவரே வாடிக்கையாளர். அவர்களைப் புதிதாகக் கெடுக்க இயலாது என்னும் வாதத்தைப் பிரபுக்கள் அவை பெரும்பான்மையால் நிராகரித்தது. கெட்டவர் மேலும் கெடலாம் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

மெய்யியலறிஞர் பெர்னார்டு வில்லியம்சு தலைமையிலான குழு 1979இல் அளித்த அறிக்கை வேறொரு வழியைக் காட்டியது. சீரழித்தல் என்னும் சொல்லையே கைவிடவேண்டும். எழுத்தின்மீது தடையே கூடாது. பிறவற்றைப் பொதுப் பார்வையிலிருந்தும் 18 வயதுக்குட்பட்டோரிடமிருந்தும் விலக்கி வைத்தால் போதும் என்று அது பரிந்துரைத்தது. அரசு அதனை முழுமையாக ஏற்கவில்லை. ஆயினும், 1982ஆம் ஆண்டுச் சட்டம் பாலியல் பொருள் விற்கும் கடைகளுக்கு உரிமம் வழங்கும் அதிகாரத்தை ஊராட்சி மன்றங்களுக்கு அளித்தது. 1984ஆம் ஆண்டின் காணொளிப் பதிவுச் சட்டம் மிகு பாலியல் படங்களை அக்கடைகளில் மட்டுமே விற்க அனுமதித்தது. இத்தகைய படங்களை அஞ்சல்வழி விற்பதும் குற்றமே என்று 2005இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாங்குபவர் கடைக்குள் நேரில் வந்தாலன்றி அவர் வயதைக் கண்ணால் காண இயலாது என்பதே அதன் அடிப்படை.

இணையம் வந்தபின்

இவ்வாறு கடையின் கதவே காவலாக நின்ற காலத்தில்தான் இணையம் பரவத் தொடங்கியது. 1994இல் செய்யப்பட்ட திருத்தம், மின்னணு முறையில் சேமிக்கப்பட்ட தரவை அனுப்புவதும் வெளியிடுதலே என்று 1959ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்த்தது. கணினியின் வன்தட்டும் சட்டம் குறிப்பிடும் 'பொருள்' என்பதில் அடங்கும் என்று 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது.

அகப்பக்கம் நடத்துவோருக்குத் தோன்றிய முதல் எதிர்வாதம் இடத்தைப் பற்றியது. படங்கள் அமெரிக்கக் கணினியில் உள்ளன. எனவே வெளியீடு அங்கேயே நிகழ்ந்தது என்றனர். 2000ஆம் ஆண்டின் வாடன் வழக்கில் நீதிமன்றம் இதனை மறுத்தது. இங்கிலாந்திலிருந்து தரவை ஏற்றும்போது ஒருமுறையும், இங்கிலாந்தில் ஒருவர் அதனை இறக்கும்போது மறுமுறையும் வெளியீடு நிகழ்கிறது என்பது அதன் முடிவாகும்.

2002ஆம் ஆண்டின் பெரின் வழக்கு இத்துறையில் தலையாயது. பெரின் பிரித்தானியாவில் வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமகன். அகப்பக்கத்தை நடத்தியது ஓர் அமெரிக்க நிறுவனம். அதில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கத்தக்க முன்னோட்டப் பக்கம் ஒன்றும், கடனட்டை விவரம் தந்தால் மட்டுமே திறக்கும் பக்கங்களும் இருந்தன. காவல் அதிகாரி ஒருவர் இவற்றைத் தம் கணினியில் இறக்கினார். மூன்று குற்றச்சாட்டுகளுள் முன்னோட்டப் பக்கத்தைப் பற்றிய ஒன்றில் மட்டுமே ஜூரிகள் அவரைக் குற்றவாளியெனக் கண்டனர். அதற்கு 30 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இம்முடிவு நம் ஆய்வுக்கு மிகவும் பயன்படுவதாகும். ஒரே அகப்பக்கத்தில் கதவுக்கு வெளியே இருந்தது குற்றமாயிற்று. கதவுக்குள்ளே இருந்தது குற்றமாகவில்லை. ஜூரிகள் தம் முடிவுக்குக் காரணம் கூறுவதில்லையாதலின் இதனை நாம் உறுதிபடக் கூறுவதற்கில்லை. எனினும், திறந்த பக்கம் சிறுவர் கையிலும் விழக்கூடும் என்பது மேல்முறையீட்டில் முக்கியக் கருத்தாக விளங்கியது. வெளியீட்டின் முதன்மைப் பணிகள் நடைபெற்ற நாட்டின் சட்டமே பொருந்தவேண்டும் என்னும் வாதமும் ஏற்கப்படவில்லை. ஏற்றால், பதிப்பாளர் யாவரும் சட்டம் தளர்ந்த நாட்டைத் தேடிச் செல்வர் என்று நீதிபதிகள் கருதினர். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2005இல் இவருடைய முறையீட்டை விசாரணைக்கு ஏற்க மறுத்தது.

ஆயினும், பெரின் பிரித்தானிய மண்ணில் இருந்ததனாலேயே அவரைப் பிடிக்க முடிந்தது. கடல் கடந்து வாழும் பதிப்பாளரை இச்சட்டம் நடைமுறையில் தொடவில்லை. இவ்விடர்ப்பாட்டின் விளைவாகச் சட்டத்தின் பார்வை வெளியிடுபவரிடமிருந்து வைத்திருப்பவரிடம் திரும்பியது. 2008ஆம் ஆண்டின் குற்றவியல் நீதி, குடிநுழைவுச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மிகைக் கொடூரமான ஆபாசப் படங்களை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. இதற்கு முன்பு, முதிர்ந்தோரைக் காட்டும் படத்தை ஒருவர் தம் இல்லத்தில் வைத்திருப்பது மட்டும் குற்றமாகக் கருதப்பட்டதில்லை. இரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட மரபில் இது பெருமாற்றமாகும்.

மறுபுறம், 1959ஆம் ஆண்டுச் சட்டம் தன் வலிமையை இழந்துவந்தது. 2012இல் குறுவட்டுகளை விற்ற ஒருவரை இலண்டன் சதர்க் நீதிமன்ற ஜூரிகள் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்தனர். 2019இல் அரச வழக்குத் தொடுப்புத் துறை தன் வழிகாட்டியைத் திருத்தியது. சட்டத்திற்குட்பட்ட செயல், முழு உடன்பாடு, கடுந்தீங்கின்மை, பிற குற்றத்தோடு தொடர்பின்மை, 18 வயதுக்குட்பட்டோர் பார்க்கும் வாய்ப்பின்மை ஆகியன அமைந்தால் வழக்குத் தொடுப்பது பொருத்தமன்று என்பது அதன் கருத்து. சட்டத்தின் சொற்கள் மாறவில்லை. அவற்றைப் பயன்படுத்தும் மனமே மாறியது.

கதவைத் தேடும் சட்டம்

எஞ்சியது வயது பற்றிய வினாவே. 2014ஆம் ஆண்டின் விதிகள், பிரித்தானியாவிலிருந்து நடத்தப்படும் கட்டணக் காணொளி அகப்பக்கங்களைக் கடைச்சரக்கிற்குரிய அதே அளவுகோலுக்கு உட்படுத்தின. இதனை எதிர்த்து நாடாளுமன்றத்திற்கு வெளியே ஆர்ப்பாட்டமும் நடைபெற்றது. 2017ஆம் ஆண்டின் இலக்கவியல் பொருளாதாரச் சட்டம் வணிக ஆபாச அகப்பக்கங்கள் அனைத்திற்கும் வயதுச் சோதனையைக் கட்டாயமாக்க முனைந்தது. அத்திட்டம் பன்முறை தள்ளிவைக்கப்பட்டு, 2019 அக்டோபரில் கைவிடப்பட்டது. ஐரோப்பிய ஆணையத்திற்கு முறைப்படி அறிவிக்கத் தவறியமை தாமதத்திற்குக் காரணங்களுள் ஒன்றாகும். 1984ஆம் ஆண்டின் காணொளிச் சட்டமும் இவ்வாறே அறிவிக்கப்படாது போனமை 2009இல் தெரியவந்து, 2010இல் அது மீண்டும் இயற்றப்பட்டது குறிப்பிடத்தக்கது.

இறுதியாக, 2023ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டம் இக்கடமையை நிலைநாட்டியது. 2025 சூலை 25 முதல், ஆபாசப் பொருளுக்கு இடந்தரும் சேவைகள் பயனரின் வயதை நம்பகமான முறையில் உறுதிசெய்தாக வேண்டும். தவறினால் 1 கோடியே 80 இலட்சம் பவுண்டு அல்லது உலக வருவாயில் 10 விழுக்காடு, இவற்றுள் எது மிகுதியோ அதுவரை அபராதம் விதிக்க ஓஃப்காம் ஆணையத்திற்கு அதிகாரம் உண்டு.

இங்கே வரலாறு தன் முதல் வினாவிற்கே திரும்புகிறது எனலாம். யார் கையில் விழும் என்று காக்பர்ன் கேட்டபோது, விடையை ஊகிப்பதே நீதிபதியின் பணியாயிற்று. இன்று அவ்விடையை ஊகிக்க வேண்டுவதில்லை. பயனர் தம் முகத்தையோ அட்டையையோ காட்டி, தம் வயதை மெய்ப்பிக்கவேண்டும். ஹோலிவெல் தெருவில் நூல் வாங்கியவரிடம் எவரும் பெயர் கேட்டதில்லை. உரிமம் பெற்ற கடையிலும் விற்பவர் கண்ணால் பார்த்தாரேயன்றிப் பதிவேட்டில் எழுதி வைக்கவில்லை. சிறுவரைக் காப்பது அரசின் கடமை என்பதில் நமக்கு ஐயமில்லை. திறந்த பக்கத்தைத் தண்டித்த பெரின் தீர்ப்பின் நியாயமும் அதுவே. ஆனால், இளையோரை விலக்குவதற்காக முதியோர் அனைவரும் தம் வாசிப்புக்குச் சான்று காட்டும் நிலை, சட்ட வரலாற்றில் புதியது. அத்தகைய தரவு கசிந்தால் ஏற்படும் தீங்கைச் சட்டம் எவ்வாறு ஈடுசெய்யும் என்பதே இனி எழவேண்டிய வினாவாகும்.

முடிவுரை

இவ்வரலாறு நம் வட்டாரத்தின் சட்டங்களிலும் தொடர்கிறது. 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பின்பற்றியே நீரிணைக் குடியேற்றங்களின் சட்டம் 1871இல் அமைந்தது. சிங்கப்பூரின் விரும்பத்தகாத வெளியீடுகள் சட்டம், 1959ஆம் ஆண்டின் பிரித்தானிய வரையறையைப் பெரிதும் தழுவியது. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவு கோயிற் சிற்பங்களுக்கும் தெய்வத் திருமேனிகளைச் சுமக்கும் தேர்களுக்கும் விலக்களிக்கிறது. ஆங்கிலேய அளவுகோலை இந்திய மண்ணில் அப்படியே பயன்படுத்தினால் கோபுரங்களும் தேர்களும் குற்றப்பொருள்களாகிவிடும் என்பதை உணர்ந்தே இவ்விலக்கு சேர்க்கப்பட்டது எனக் கொள்ளலாம்.

ஹிக்ளின் அளவுகோலை 1965இல் ஏற்ற இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல் அதனைக் கைவிட்டது. 2016இல் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், விரும்பாதோர் படிக்காதிருக்கலாம் என்னும் நிலைப்பாட்டை மேற்கொண்டு எழுத்தாளருக்குத் துணைநின்றது. ஒரு பகுதியைப் பிரித்தெடுத்து முழு நூலையும் தீர்ப்பிடலாகாது என்னும் கொள்கை, அகத்திணைப் பாடல்களையும் தற்கால நாவல்களையும் வகுப்பறையில் கற்பிக்கும் நமக்கு அணுக்கமானது.

சட்டம் வாசகரைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணமே ஒவ்வொரு காலத்திலும் ஆபாசத்தின் எல்லையை வரைந்தது என்பது இதுகாறும் கண்டவற்றால் பெறப்படும். வாசகரை எளிதில் கெடக்கூடியவராகக் கருதிய காலத்தில் மருத்துவச் சிற்றேடும் குற்றமாயிற்று. அவரை முதிர்ந்தவராகக் கருதிய காலத்தில் பூட்டிய கதவு ஒன்றே போதுமானதாயிற்று. அக்கதவில் இன்று பெயர்ப் பதிவேடு ஒன்று வைக்கப்படுகிறது. அதனை யார் வைத்திருப்பர், எத்தனை காலம் வைத்திருப்பர் என்பவற்றை அறியாது அக்கதவை நம் நாடுகளிலும் அமைக்க முனைவது அறிவுடைமையாகாது.